நாலரை மணி நேரமும் ஒரு கடலும்

நெடுந்தீவில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்தால் அதோடு சரி என்ற எண்ணம் தீவுப்பகுதியில் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. குறிகட்டுவான் வரை படகு, அங்கிருந்து புங்குடுதீவு, வாணர் தாம்போதி, வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணை என்று நீண்ட தரைவழி, அதற்குப் பிறகுதான் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. இவ்வளவும் கடந்து போய்ச் சேருவதற்குள் மருந்து போடும் நேரம் முடிந்துவிடும், பிறகு ஏன் வயது போன ஆளை அலைக்கழிக்க வேண்டும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் நியாயம். நயினாதீவிலும் அனலைதீவிலும் இதே பேச்சைச் சற்று மாற்றிச் சொல்வார்கள். தரைவழி உள்ள ஊர்காவற்றுறையிலும்கூடச் சொல்வார்கள். இந்த எண்ணம் பிழையானது. இதனால் உயிர் போவதும் உண்டு, உயிர் தப்பியவர் ஆயுசுக்கும் படுக்கையில் விழுவதும் உண்டு. மருத்துவ ஆய்வுகள் முப்பது ஆண்டுகளாகக் காட்டிவருவதையும் தீவுகளின் தூரக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் புலப்படும். கடலைவிட வீடுதான் அதிக நேரத்தைத் தின்கிறது. நேரம் தவறிப் போனவருக்குக்கூட ஆஸ்பத்திரியில் கிடைக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், நேரம் ஏன் இவ்வளவு பெறுமதியானது என்பதைப் பார்ப்போம். பாரிசவாதத்தில் இரண்டு வகை உண்டு. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்று உறைந்த இரத்தக்கட்டியால் அடைபடுவது ஒரு வகை. குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது மற்றது. முதலாவதுதான் அதிகம் காணப்படுவது. குழாய் அடைபட்டதும் அதன் பின்னால் உள்ள மூளை முழுவதும் ஒரே நேரத்தில் இறந்துபோவதில்லை. வேலணைத் தோட்டத்தில் வாய்க்கால் அடைபட்டால் கடைசிப் பாத்தி முதலில் காயும், பக்கத்துப் பாத்தியின் ஈரக்கசிவில் நிற்கும் கன்றுகள் வாடினாலும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும் அல்லவா, அதுபோல அடைப்பின் நடுப்பகுதி சில நிமிடங்களில் இறந்துவிட, அதைச் சுற்றியுள்ள பகுதி பக்கத்துக் குழாய்களிலிருந்து வரும் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வேலை செய்யாது, ஆனால் சாகவும் இல்லை. சிகிச்சை முழுவதும் இந்த வாடிய பகுதியை மீட்பதற்கானதுதான். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறக்கின்றன என்று 2006இல் கணக்கிடப்பட்டது. நெடுந்தீவிலும் அது 19 இலட்சம்தான், நியூயோர்க்கிலும் அது 19 இலட்சம்தான்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து அல்டிபிளேஸ். 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் 624 நோயாளரிடம் நடத்திய சோதனையின் முடிவு வெளியானபோதுதான் பாரிசவாதம் அவசர வருத்தங்களின் வரிசைக்கு வந்தது. அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 100க்கு 39 பேர் மூன்று மாதத்தின் பின் ஏறக்குறைய எந்தக் குறையும் இல்லாமல் நடமாடினார்கள். வெறும் திரவம் ஏற்றப்பட்டவர்களில் அது 26 பேர். 2008இல் ஐரோப்பாவில் 821 பேரிடம் நடந்த இன்னொரு சோதனை மூன்று மணியிலிருந்து நாலரை மணி வரையிலும் பயன் உண்டு என்று காட்டியது, ஆனால் குறைவாக: 52க்கு 45. 2014இல் ஒன்பது சோதனைகளின் தரவுகளை, மொத்தம் 6756 நோயாளருடையவை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் இதே போக்குத்தான் தெரிந்தது. நேரம் போகப் போக பயன் தேய்கிறது. நாலரை மணி என்பது திடீரென்று மூடும் கதவு அல்ல. முதல் நிமிடத்திலிருந்தே மூடிக்கொண்டு வரும் கதவு. ஆகவே நேரம் இருக்கிறதுதானே என்று ஆறுதலாகப் போவதும் பிழை, நேரம் போய்விட்டது என்று போகாமல் விடுவதும் பிழை.

இப்போது தூரக் கணக்குக்கு வருவோம். நெடுந்தீவில் ஒருவருக்குக் காலை 6 மணிக்கு வலது கை விழுந்து வாய் கோணிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் உடனே புறப்பட்டு 6.40க்கு நெடுந்தீவு வைத்தியசாலைக்குக் கொண்டுவருகிறார்கள். வைத்தியர் பார்த்து, சீனி அளந்து, கடிதம் எழுதி, படகு ஒழுங்காகி இறங்குதுறையை விட 7.30. கடல் ஒரு மணி நேரம், குறிகட்டுவான் 8.30. நோயாளர் காவு வண்டி அங்கே காத்து நின்றால் முக்கால் மணியில், 9.15க்கு, பெரியாஸ்பத்திரி வாசல். ஸ்கான் முடிந்து ஊசி ஏறும்போது 10 மணி. நாலு மணி நேரம் ஆகியிருக்கிறது, அரை மணி கையில் மிச்சம். நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடல்வழி இருபது நிமிடம்கூட இல்லை. அங்கிருந்து வருபவருக்கு இதே கணக்கில் ஒரு மணிக்கு மேல் மிஞ்சும். ஊர்காவற்றுறையிலிருந்தோ வேலணையிலிருந்தோ வருபவருக்கு முதல் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே, அதாவது மருந்து அதிகம் பலிக்கும் காலத்திலேயே, ஊசி ஏறலாம். இந்தக் கணக்கில் கடல் ஒரு மணி, தரை முக்கால் மணி. இரண்டையும் மாற்ற முடியாது. வீட்டார் மாற்றக்கூடியது கணக்கின் முதல் வரி மட்டுமே. அந்த 40 நிமிடம் இரண்டு மணி நேரமாகிப்போனால் மீதிக் கணக்கு முழுவதும் உடைந்துவிடும். ஆஸ்பத்திரிக்கு வெளியே போகும் நேரத்தில் மிகப் பெரிய பங்கு நோயாளியும் வீட்டாரும் முடிவெடுக்கத் தாமதிப்பதாலேயே போகிறது என்று வசதி மிகுந்த நாடுகளின் ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சாலையும் விமானமும் உள்ள இடங்களிலேயே அப்படியென்றால் தீவுகளில் சொல்லவே வேண்டாம்.

வீட்டில் அந்த நேரம் எப்படிப் போகிறது? வலி இல்லாததால் போகிறது. மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட வைக்கும். பாரிசவாதம் அப்படி அலறாது. கை கொஞ்சம் மரத்த மாதிரி, நாக்குக் குளறுகிற மாதிரி, ஒரு பக்கமாய் இழுக்கிற மாதிரி என்று ‘மாதிரி’யாகவே தொடங்கும். கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று படுப்பார்கள். எண்ணெய் பூசித் தேய்ப்பார்கள். பிரஷர் கூடிவிட்டது என்று வீட்டில் இருக்கும் பிரஷர் குளிசையில் இன்னொன்றைக் கொடுப்பார்கள், அல்லது தேத்தண்ணியைப் பருக்குவார்கள். பிள்ளைகள் கனடாவிலோ சுவிசிலோ பிரான்சிலோ இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று தொலைபேசியை எடுப்பார்கள். இவற்றில் பிரஷர் குளிசை கொடுப்பது நேரத்தை மட்டும் தின்பதல்ல, நேரடியாகவும் கெடுதல் செய்யக்கூடும். குழாய் அடைபட்டிருக்கும்போது வாடிய பகுதிக்கு எப்படியாவது இரத்தத்தைத் தள்ளவே உடல் அழுத்தத்தை உயர்த்துகிறது. அதை அவசரமாக இறக்கினால் ஈரக்கசிவும் நின்றுபோகும். 2024இல் சீனாவில் நோயாளர் காவு வண்டிக்குள்ளேயே அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்த பெரிய சோதனை ஒன்றில், இரத்தக்கசிவு வந்தவர்களுக்கு அது நன்மையாகவும் அடைப்பு வந்தவர்களுக்குத் தீமையாகவும் முடிந்தது. எது எந்த வகை என்பது ஸ்கான் எடுக்கும்வரை எந்த வைத்தியருக்கும் தெரியாது. வீட்டாருக்கு எப்படித் தெரியும்? அஸ்பிரின் கொடுப்பதற்கும் இதே காரணம் பொருந்தும். ஸ்கானுக்குப் பிறகு அது நல்ல மருந்து, அதற்கு முன் கண்ணைக் கட்டிக்கொண்டு எறியும் கல்.

ஆகவே வீட்டார் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். சிரிக்கச் சொல்லிப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா, இரண்டு கையையும் நீட்டச் சொன்னால் ஒன்று கீழே சரிகிறதா, ஒரு வசனத்தைச் சொல்லச் சொன்னால் குளறுகிறதா: மூன்றில் ஒன்று புதிதாக இருந்தாலும் வாயில் எதையும் கொடுக்காமல் புறப்பட வேண்டும். புறப்படும்போது கொண்டுபோக வேண்டிய முக்கியமான சாமான் ஒன்று இருக்கிறது, அது கிளினிக் கொப்பியைவிடவும் பெரிது: ஆள் கடைசியாக நல்லாய் இருந்த நேரம். வைத்தியரின் மணிக்கூடு ஆளைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை, கடைசியாக நல்ல நிலையில் யாரேனும் கண்ட அல்லது கேட்ட நேரத்திலிருந்து ஓடும். இது தீவுகளில் மிகவும் சிக்கலான இடம். புங்குடுதீவில் எத்தனையோ வீடுகளில் ஒரு அம்மாவோ ஒரு அப்பாவோ தனியே இருக்கிறார்கள். விடியப் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிப் பார்க்கும்போது விழுந்து கிடந்தால், எப்போது விழுந்தார் என்று சொல்ல யாரும் இல்லை. நேற்று இரவு என்று எழுதிவிட்டால் ஊசி கிடைக்காது. ஆனால் மகள் ரொறன்ரோவிலிருந்து அழைத்து, அம்மா விடிய 5.10 மணிக்கு நல்லாய்க் கதைத்திருந்தால், அந்த அழைப்பின் நேரம் தொலைபேசியில் பதிந்திருக்கும். மணிக்கூடு அங்கிருந்துதான் ஓடும். அந்தத் தொலைபேசியைப் படகில் ஏற்றிக்கொண்டு போவது ஒருவரின் கையையும் பேச்சையும் மீட்கக்கூடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: அப்பாவின் பேச்சு வழக்கம்போல் இல்லை என்று முதலில் அறியக்கூடியவர்கள் பல வேளைகளில் அவர்கள்தான். அந்த நேரத்தில் அவர்கள் செய்ய வேண்டியது நாட்டிலுள்ள உறவினரை எழுப்பிப் படகுக்கு ஆள் அனுப்புவது. என்ன செய்யலாம் என்று குடும்பக் குழுவில் கேட்டுக்கொண்டிருப்பது அல்ல.

இதற்கு உடனே வரும் மறுப்பு, படகு எங்கே இருக்கிறது என்பது. பகலில் சரி, இரவில் என்ன செய்வது, காற்றுக் கடுமையான நாளில் என்ன செய்வது? இது நேர்மையான கேள்வி, இதற்கு வீட்டாரைக் குறை சொல்லித் தப்ப முடியாது. இரவில் அவசர நோயாளரைக் கடற்படைப் படகுகள் ஏற்றி வருவது உண்டு. பயணிகள் படகுக்கு அலை ஒத்துவராத நாள்களும் உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில்தான் அதன் விரிவாக்கம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் அது தரையில் ஓடும் வண்டி. குறிகட்டுவானுக்கு அந்தப் பக்கம் அதற்குச் சக்கரம் இல்லை. ஆனித் திருவிழாவில் நயினை நாகபூசணி அம்மன் தேருக்கு ஆயிரக்கணக்கானோரை ஏற்றி இறக்கும் இறங்குதுறை அது. அந்த ஒழுங்கைச் செய்ய முடிந்த நிர்வாகத்துக்கு ஒரு தீவுக்கு ஒரு அவசரப் படகும் இரவு முழுவதும் ஓட்டியும் வைத்திருப்பது முடியாத காரியமாக இருக்காது. ஆனாலும் படகு இல்லை என்ற உண்மை, வீட்டில் இருந்துவிடலாம் என்ற முடிவுக்கு நியாயமாகாது. இரவு பத்து மணிக்கு வாதம் வந்தவர் பத்தரைக்கே நெடுந்தீவு வைத்தியசாலையில் இருந்தால்தான் படகுக்காகத் தொலைபேசி அடிக்க ஒரு வைத்தியர் இருப்பார். விடியும்வரை வீட்டில் இருந்தால் கடற்படைக்குச் சொல்லவும் ஆள் இல்லை.

இன்னொரு யோசனை அடிக்கடி கேட்கிறது: ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கு ஒரு சி.ரி. ஸ்கான் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டால் என்ன, வெளிநாட்டு ஊர்ச் சங்கங்கள் காசு சேர்த்துத் தரும்தானே? அந்த அக்கறை மெய்யானது. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு நோயாளர் குறிகட்டுவானில் இறங்குகிறார்கள். அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் வழிக்கும் யாழ்ப்பாணம் போகும் வழிக்கும் வித்தியாசம் சில பத்து நிமிடம்தான். இயந்திரம் மட்டும் இருந்து, இரவு இரண்டு மணிக்கு அதை இயக்கவும் படத்தைப் படிக்கவும் ஊசி போட்ட பின் ஒரு நாள் முழுக்கக் கண்காணிக்கவும் ஆள் இல்லாவிட்டால், மிச்சப்படுத்திய அந்த நேரம் அங்கேயே தொலைந்துவிடும். அதைவிட மலிவானதும் உடனே பலன் தருவதும், படகு புறப்படும்போதே பெரியாஸ்பத்திரிக்கு ஒரு அழைப்புப் போவது: பெயர், வயது, கடைசியாக நல்லாய் இருந்த நேரம், சீனி அளவு, பிரஷர், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரா. கடலில் போகும் ஒரு மணி நேரம் இப்படி வீணாகாமல் அங்கே ஸ்கான் அறை ஆயத்தமாகும். இந்தியாவில் மலைநாடான இமாச்சலப் பிரதேசத்தில் மாவட்ட ஆஸ்பத்திரி வைத்தியர்கள் தூரத்திலுள்ள நரம்பியல் வைத்தியருக்கு கைத்தொலைபேசியில் படத்தை அனுப்பி, அவர் சொல்லச் சொல்ல ஊசி போடும் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அங்கே ஸ்கான் மாவட்டத்தில் இருக்கிறது, இங்கே யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறது என்பது வேறுபாடு. நல்ல நோயாளிக் குறிப்பு நோயாளிக்கு முன்னே போய்ச் சேர வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

அடுத்த மறுப்பு ஊசியைப் பற்றியது. அது மூளையில் இரத்தம் கசிய வைக்குமாமே, வயது போனவருக்குத் தாங்குமா? கசிய வைக்கும், அதை மறைக்கக் கூடாது. 1995 சோதனையில் மருந்து பெற்றவர்களில் 100க்கு ஆறு பேருக்கு மேல் மூளைக்குள் ஆபத்தான கசிவு ஏற்பட்டது. மருந்து பெறாதவர்களில் அது ஒன்றுக்கும் குறைவு. அப்படியிருந்தும் மூன்று மாத முடிவில் மருந்து பெற்ற தரப்பில் இறப்பு அதிகமாகவில்லை. குறையின்றி எழுந்து நடந்தவர்கள் கூடினார்கள். கசிவின் விலையைக் கழித்த பின்னரே அந்த 39க்கு 26 என்ற கணக்கு வருகிறது. வயதைப் பொறுத்தவரை, 2012இல் வெளியான, 3035 பேரைக் கொண்ட ஒரு சர்வதேசச் சோதனையில் பாதிக்கு மேற்பட்டோர் 80 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கும் பயன் இருந்தது. வயது போனவர் என்பதற்காக ஊசியை மறுக்க ஆய்வில் இடமில்லை. சமீபத்தில் வந்துள்ள டெனெக்டிபிளேஸ் என்ற மருந்து இன்னும் எளிது. அல்டிபிளேஸை ஒரு பகுதி ஊசியாகவும் மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகவும் ஏற்ற வேண்டும். இதை ஒரே ஊசியாகப் போட்டு முடிக்கலாம். 2022இல் கனடாவில் ஏறத்தாழ 1600 பேரிடம் நடந்த சோதனையில் இது அல்டிபிளேஸுக்குச் சற்றும் குறையவில்லை. தொடையிலுள்ள குழாய் வழியே கம்பியை அனுப்பி உறைந்த கட்டியையே வெளியே இழுக்கும் முறை 2015இல் ஐந்து சோதனைகளால் நிலைநாட்டப்பட்டது. பெரிய குழாய் அடைபட்டவர்களுக்கு அது பிரமாதமான பலன் தருகிறது. ஆனால் இலங்கையில் அது இன்னும் பரவலாகவில்லை, தீவுகளில் இருப்பவர் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

இத்தனையும் ஊசி பெறக்கூடியவர்களைப் பற்றியது. நோயாளரில் பெரும்பாலானோர் எந்த நாட்டிலும் ஊசி பெறுவதில்லை. நேரம் தவறியோ கசிவு வகையாக இருந்தோ வேறு காரணத்தாலோ அது கிடைப்பதில்லை. ‘நேரம் போய்விட்டது’ என்ற பேச்சு மிக ஆபத்தாவது இங்கேதான். பாரிசவாதத்துக்கென்று தனி வாட்டும் அதில் பழகிய தாதியரும் இயன்முறை வைத்தியரும் இருக்கும் இடத்தில் பராமரிக்கப்படுபவர்களில், பொது வாட்டில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், 100க்கு இரண்டு பேர் கூடுதலாக உயிர் தப்புகிறார்கள், ஆறு பேர் கூடுதலாகப் பிறர் உதவியின்றி வாழ்கிறார்கள். பல சோதனைகளைத் தொகுத்த முடிவு இது. இதற்கு நாலரை மணிக் கட்டுப்பாடு இல்லை. இரண்டு நாளுக்குள் கொடுக்கும் அஸ்பிரினுக்கும் இல்லை. 1997இல் ஏறத்தாழ 40,000 நோயாளரைக் கொண்ட இரண்டு பெரிய சோதனைகள் அதன் பயனைச் சிறியது ஆனால் நிச்சயமானது என்று காட்டின. 2011இல் அவுஸ்திரேலியாவில் 19 வாதப் பிரிவுகளில் நடந்த ஒரு சோதனைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. புதிய மருந்தும் இல்லை, புதிய இயந்திரமும் இல்லை. தாதியர் மூன்று காரியங்களை முதல் மூன்று நாளும் விடாமல் பார்த்தார்கள்: காய்ச்சல் ஏறினால் உடனே இறக்குவது, சீனி ஏறினால் உடனே கட்டுப்படுத்துவது, விழுங்க முடிகிறதா என்று பார்த்த பின்பே வாயால் கொடுப்பது. மூன்று மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து கிடந்தவர்களும் சேர்ந்து அந்தத் தரப்பில் 42 வீதம். வழக்கமான பராமரிப்புப் பெற்ற தரப்பில் 58 வீதம். பெறுமதியான ஒரு ஊசிக்குக்கூட இவ்வளவு வித்தியாசம் கிடைப்பது அரிது.

அந்த மூன்றாவது காரியத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். பழகிய தாதி ஒருவர் ஆளை நிமிர்த்தி இருத்துகிறார். ஒரு தேக்கரண்டி தண்ணீரை நாக்கில் விட்டு, விரலைத் தொண்டையில் வைத்துக் குரல்வளை மேலே எழுகிறதா என்று உணர்கிறார். இருமுகிறாரா, கன்னத்தோரம் வழிகிறதா, விழுங்கிய பின் ‘ஆ’ சொல்லும்போது குரல் சளசளவென்று ஈரமாய்க் கேட்கிறதா என்று பார்க்கிறார். ஒன்றும் இல்லையென்றால் இன்னொரு கரண்டி, பிறகு சிறு கோப்பை. ஈரக்குரல் கேட்டால் நிறுத்திவிட்டு மூக்கு வழியாகக் குழாய். இதற்கு ஐந்து நிமிடம். இதைச் செய்யாமல் பாசத்தோடு பருக்கும் கஞ்சிதான் நுரையீரலுக்குள் போய் நியூமோனியாவாகிறது. வாதம் வந்தவர்களின் உயிரைப் பின்னர் வந்து பறிக்கும் காரணங்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. வீட்டில் வைத்திருந்தால் கஞ்சி பருக்கத்தானே செய்வோம்? ஒரு நாள் பிந்தியென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போனவர் இந்த ஐந்து நிமிடத்தைப் பெறுகிறார்.

மற்றச் சிக்கல்களும் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இறந்த மூளை வீங்கி நல்ல மூளையை நெருக்கலாம். முதல் நாள் கதைத்தவர் மூன்றாம் நாள் மயங்கினால் வீட்டார் அதைத் தூக்கம் என்று நினைப்பார்கள். அறுபது வயதுக்குட்பட்டவர்களில், பெரிய வீக்கம் வரும்போது மண்டையோட்டின் ஒரு பகுதியை நேரத்தோடு அகற்றி இடம் கொடுத்தால் உயிர் தப்பியவர்கள் 78 வீதம், செய்யாவிட்டால் 29 வீதம் என்று 2007இல் மூன்று சோதனைகளைச் சேர்த்துக் கணித்தார்கள். அசையாத காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது, முதுகில் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, வலிப்பு என்று பட்டியல் நீளும். விழுந்த கையைப் பிடித்துத் தூக்கி ஆளை எழுப்புவதால் தோள்மூட்டு கழன்று மாதக்கணக்கில் நோவது, கவனித்தால் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. கையில் அல்ல, இடுப்பிலும் முதுகிலும் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கதைக்காமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைப் பிடிவாதம் என்று ஏசுகிறார்கள்; அது வருத்தத்தின் ஒரு பகுதி, மருந்து உண்டு. நாளைக்கே எழுப்பி நடக்க வைக்க வேண்டும் என்ற அவசரமும் நல்லதல்ல. 2015இல் 2104 பேரிடம் நடந்த சோதனையில் முதல் 24 மணிக்குள் அதிகமாக எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்கள் சற்றுக் குறைவாகவே தேறினார்கள்.

தேறுதலில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் நடக்கிறது, பிறகும் மெல்ல நடக்கிறது. தீவுக்காரருக்கு இந்த மூன்று மாதம்தான் அடுத்த பள்ளம். கால் இழுத்தவரைக் குறிகட்டுவானில் இறங்குதுறைப் படியிலிருந்து ஆடும் படகுக்குள் இருவர் தூக்கி இறக்க வேண்டும், அக்கரையில் மறுபடி தூக்கி ஏற்ற வேண்டும். இதற்குப் பயந்தே பயிற்சிக்குப் போகாமல் விடுகிறார்கள். வீட்டாரே பயிற்சி கொடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்வது எளிது. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளரிடம் அதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களைக் கொண்டு மறுவாழ்வு நடத்தியதில், வழக்கமான முறையைவிடக் கூடுதல் பயன் எதுவும் இல்லை என்று 2017இல் முடிவு வந்தது. வீட்டாரின் பாசம் புண் வராமல் காக்கும், ஆளைக் கைவிடாமல் பார்க்கும். ஆனால் இயன்முறை வைத்தியருக்கு அது ஈடாகாது. நோயாளியை மாதந்தோறும் கடல் கடக்க வைப்பதைவிட, ஒரு இயன்முறை வைத்தியர் கிழமையில் ஒரு நாள் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகேறுவதே முறை. ஊர்ச் சங்கங்களின் காசுக்கு ஸ்கான் இயந்திரத்தைவிட நல்ல செலவு இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஒருமுறை வாதம் வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஐந்து ஆண்டுக்குள் மறுபடி வருகிறது, இரண்டாவது முதலாவதைவிடப் பெரும்பாலும் மோசமானது. சில நிமிடம் கை மரத்து, பேச்சுக் குளறி, பிறகு முற்றாகச் சரியாகிவிட்டவர்களுக்கும் வாதம் வரும் ஆபத்து உண்டு; படகு ஏறுவதற்கு மிகப் பெறுமதியான நேரம் அவர்களுடையதுதான். ஒக்ஸ்போர்ட்டில் 2007இல் வெளியான ஆய்வில், அப்படி வந்து போனவர்களையும் சிறிய வாதம் வந்தவர்களையும் உடனே பார்த்து மருந்து தொடங்கியபோது, மூன்று மாதத்துக்குள் வாதம் வருவது 10 வீதத்திலிருந்து 2 வீதமாக இறங்கியது. பிரஷர் குளிசையை விடாமல் எடுப்பது மறுவாதத்தைக் கால்பங்குக்கு மேல் குறைக்கும் என்று 6105 பேரைக் கொண்ட 2001 ஆண்டுச் சோதனை சொல்கிறது. ஆனால் காற்றுக் காலத்தில் இரண்டு கிளினிக் தவறினால் குளிசை தீர்ந்துபோகும், சுகமாகத்தானே இருக்கிறது என்று பிறகு விட்டுவிடுவார்கள். 2020இல் கொரோனாவால் ஊர் முடங்கியபோது கிளினிக் நோயாளருக்கு மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை இலங்கைச் சுகாதாரத் துறை செய்தது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் தபால் இன்றும் படகில் போகிறது. வாதம் வந்து தப்பியவரின் குளிசைகளும் காற்றுக் காலம் தொடங்குமுன் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து அதே தபால் பையில் போகலாம்.